குதிகால் தடிப்பும் சரசுவின் சமையலும்

புதிதாகத் தாதி வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஓர் ஆளின் குதிகால். மிஸ்ஸி என்று சனங்கள் கூப்பிட இத்தனை வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொம்பளைக்குச் சொல்ல இதுதானா கிடைத்தது என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஊசி போடுவதும் பிரஷர் பார்ப்பதும் கல்லூரியிலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதற்குள் நான் வரப்போவதில்லை. நான் சொல்ல வந்தது கொலஸ்ட்ரால் மேசையைப் பற்றி.

அந்த மேசையில்தான் நான் அதிக காலம் குப்பை கொட்டினேன். ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க கிளினிக். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து தாமான் வரிசை வீடுகளில் குடியேறிய நம் சனங்கள்தான் பாதிப் பேர். அவர்களிடம் போய் “உங்களுக்குக் கொழுப்பு கூடியிருக்கு” என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். ஆகவே நாங்களும் கொலஸ்ட்ரால் என்றே சொல்லிக்கொண்டோம். இரத்தப் பரிசோதனைக்கு முந்திய வாரம் முழுக்க ஓட்ஸ் கஞ்சி குடித்துவிட்டு முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு வருவார்கள். இரத்தம் கொடுத்த கையோடு நேராக ரொட்டிச் சானாய் கடைக்குப் போவார்கள். அது எங்களுக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

எண் கூடியிருந்தால் நாம் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. மேசை இழுப்பறையைத் திறந்து படம் போட்ட அட்டையை எடுப்போம். தேங்காய்ப்பால், ஆட்டுக்கறி, பொரித்த கோழி எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புக் கோடு போட்டிருக்கும். அட்டையைக் காட்டிவிட்டு “வீட்டுல யாரு சமைக்கிறது?” என்று கேட்போம். உடனே புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பான். ஆம்பளைக்குக் கொலஸ்ட்ரால் ஏறினால் திட்டு வாங்குவது பொம்பளைதான். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நாம் யாருடைய தலையில் எதைத் தூக்கி வைக்கிறோம் என்று நமக்குத் தெரிவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு மேலே ஒரு மேட்ரன் இருந்தார், மலாய்க்காரர். அவர் அட்டையைக் கடைசியில்தான் எடுப்பார். முதலில் கேட்கும் கேள்வி, “உங்க வீட்டுல சின்ன வயசுல போனவங்க யாரு?” இந்த ஒரு கேள்வியை மட்டும் தமிழிலும் சீனர்களின் ஹொக்கியனிலும் நெட்டுருப் போட்டு வைத்திருந்தார். பதில் முழுதாகப் புரியாவிட்டாலும் எத்தனை விரலை மடக்குகிறார்கள் என்று பார்ப்பார். சில குடும்பங்களில் கொலஸ்ட்ரால் சாப்பாட்டால் ஏறுவதில்லை, பிறக்கும்போதே இரத்தத்தோடு வருகிறது, அந்த மாதிரி ஆட்களுக்குக் கண் இமையிலும் கை விரல் முட்டிகளிலும் குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பிலும் கொலஸ்ட்ரால் படிந்து தடித்துப் போகும், அதனால் ஆளைப் பார்த்தால் கையையும் காலையும் பார் என்பார். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் கிளினிக்கில் யார் காலைக் காட்டுகிறார்கள்? எல்லாரும் சப்பாத்து போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

காலைப் பார்க்கும் நாள் வெள்ளத்தில் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மழைக்காலம் அது. ஆறு நிரம்பி, தாமான்களுக்குள் தண்ணீர் புகுந்து, சனங்களையெல்லாம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு அங்கே ஒரு மேசை, பிரஷர் பார்க்கும் கருவி, ஒரு மருந்துப் பெட்டி. மண்டபம் முழுக்கப் பாய். வெறுங்காலோடு சனங்கள் படுத்தும் உட்கார்ந்தும் கிடந்தார்கள்.

முதல் நாளே ஒரு சின்ன சண்டை. பொதுச் சமையலில் சோறும் கோழிச் சம்பலும் கொடுத்தார்கள். எல்லாரும் வரிசையில் நிற்க, ஒரு பெண் மட்டும் மண்டபத்து மூலையில் ஒரு சின்ன ரைஸ் குக்கரைச் செருகி ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினாள். போன் சார்ஜ் பண்ண இடமில்லாமல் நிற்கிறோம், இங்கே என்ன கஞ்சி என்று நாலு பேர் சத்தம் போட்டார்கள். அவள் காய்ச்சியதைக் கோப்பையில் ஊற்றி, வளர்ந்த மகன் ஒருவன் கையில் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள்தான் சரசு. மகன் பெயர் தீபன். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வார நாளில் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்குகிறவன். அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் தண்ணீரில் மாட்டிக்கொண்டான். ஒல்லியாக, சாதுவாக இருந்தான். அத்தனை பேர் பார்க்க அம்மா கொடுத்த கஞ்சியைக் குடிக்க அவன் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அவனை அப்போதே பிடித்துப்போயிற்று.

அன்று மத்தியானம் பிரஷர் பார்க்க ஓர் அம்மாள் வந்தார். பாக்கியம் அக்கா என்று கூப்பிட்டார்கள், அறுபது தாண்டியவர். கையில் பட்டையைச் சுற்றும்போது பார்த்தேன், இரண்டு கண்ணுக்கும் உள்பக்க மூலையில், இமை மேல், மஞ்சள் மஞ்சளாகத் தடிப்பு. எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டேன். கல்யாணம் ஆன புதிதிலிருந்தே இருக்கிறதாம், யாரோ அதை அதிர்ஷ்டம் என்று சொன்னார்களாம். அவர் கண்ணோ அந்த மூலையில் கஞ்சி காய்ச்சியவள் மேலேயே இருந்தது. உங்களுக்குத் தெரிந்தவங்களா என்று நான் கேட்டதுதான் தாமதம், கொட்டிவிட்டார்.

சரசு அவருடைய தம்பி பெண்டாட்டி. தம்பி லாரி ஓட்டினவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும் தேங்காய்ப்பால் சோறும் சாப்பிட்டு, கை கழுவி, நெஞ்சை அடைக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. தீபன் அப்போது பாலர் பள்ளியில் இருந்தான். எடுக்கும் முன்னாலேயே, வந்திருந்த அத்தனை பேர் எதிரிலும் பாக்கியம் அக்கா சரசுவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதையே என்னிடமும் சொன்னார், நேற்று நடந்தது போல.

“ஆக்கிப் போட்டே எந்தம்பியக் கொன்னவ மிஸ்ஸி. அவ கையால பச்சத் தண்ணிகூட நான் வாங்கிக் குடிச்சதில்ல.”

இருவரும் ஒரே தாமானில் இரண்டு வரிசை தள்ளிக் குடியிருக்கிறார்கள். இத்தனை வருஷமும் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை. சரசு என்ன செய்தாள் என்றால், அந்தப் பழியை அப்படியே வாங்கிக்கொண்டாள். அன்றோடு அவள் அடுப்பில் தேங்காய் இல்லை, கறி இல்லை, முட்டை இல்லை, தாளிப்புக்கூட இல்லை. புருஷனைத்தான் விட்டுவிட்டோம், பிள்ளையை விடக்கூடாது என்று அவித்ததும் வேகவைத்ததுமாகக் கொடுத்தே வளர்த்தாள். பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் முன்கூட்டியே ஊட்டிவிட்டுக் கூட்டிப்போவாளாம். இதையும் பாக்கியம் அக்காதான் கேலியாகச் சொன்னார். கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அப்போது மேட்ரனுடைய கேள்வி வாய்க்கு வந்தது. தம்பியைத் தவிர உங்கள் வீட்டில் வேறு யாராவது சின்ன வயதில் போனார்களா என்று கேட்டேன். அவர் குரல் இறங்கியது. அப்பாவும்தான் என்றார். தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போனவர், தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியைத் தூக்கும்போது மரத்தடியிலேயே விழுந்துவிட்டார். முனி அடித்துவிட்டது என்று சொல்லிப் பூசை போட்டார்கள். அப்பா, தம்பி, இதோ இந்தக் கண். நான் பட்டையைக் கழற்றிவிட்டு மூலையைப் பார்த்தேன். தீபன் பாயில் குப்புறப் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு குதிகாலுக்கு மேலேயும் நரம்பு தடித்து, ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். கையைக் காட்டச் சொன்னேன். விரல் முட்டிகள் மேல் கெட்டி கெட்டியாகக் கட்டி. வலிக்கிறதா என்றால் இல்லையாம். சிரித்தான்.

“எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம் மிஸ்ஸி. தாத்தாவுக்கும்தான். மரம் வெட்டுன கை, வம்சமா வருதுன்னு சொல்லுவாங்க.”

அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் அதில் ஒரு பெருமை. தாத்தா உழைத்த உழைப்பு பேரன் கைவரை வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். பேரனோ வாழ்க்கையில் மரம் வெட்டும் கத்தியைத் தொட்டதில்லை. குளிரூட்டிய அறையில் நின்று பொத்தான் அமுக்குகிறவன். உழைப்பால் வந்த கட்டி என்றால் அது உழைக்காதவன் கைக்கு எப்படி வந்தது என்று யாருமே கேட்டுப் பார்க்கவில்லை. நம் சனங்களுக்கு உழைப்பின் மேல் இருக்கும் மரியாதை அப்படி. அதைத் தப்பு என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர் வடிந்ததும் கிளினிக்குக்கு வந்து இரத்தம் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். ஒல்லியா இருக்கிறவனுக்கு என்ன கொலஸ்ட்ரால் என்று அதற்கும் சிரித்தான்.

மறுநாள் காலையில் உதவிச் சாமான்கள் வந்தன. தீபனும் இன்னும் சிலரும் அரிசி மூட்டைகளைப் படியேற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் தூணில் சாய்ந்து நின்றதைக் கண்டேன். முகம் வெளுத்து, மழைக்குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது. காற்று பிடித்துக்கொண்டது என்றான். எங்கே என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்து, அப்படியே தாடைவரை தடவிக் காட்டினான். பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது. நாடியும் சரியாகத்தான் இருந்தது. என்னிடம் இசிஜி கருவி இல்லை. இருந்ததெல்லாம் அவன் குதிகாலும் அத்தை சொன்ன கதையும்தான்.

எங்கள் கிளினிக் டாக்டருக்குப் போன் போட்டேன். சின்ன வயது மலாய்ப் பெண், நிதானமானவர். அப்பா, தாத்தா, முட்டி, குதிகால், தாடை என்று சுருக்கமாகச் சொன்னேன். ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்து உடனே அனுப்புங்கள், காத்திருக்க வேண்டாம் என்றார். ஆனால் மண்டபத்துப் பொறுப்பில் இருந்த அதிகாரி தயங்கினார். சாயங்காலம் சடக்கில் தண்ணீர் வடிந்து பாதை திறந்துவிடும், ஆம்புலன்ஸே வரும், பொம்பா தீயணைப்புக்காரர்களின் படகைக் கிழவர்களுக்காக வைத்திருக்கிறோம், இந்தப் பையன் நன்றாகத்தானே நிற்கிறான் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சத்தம் போட்டால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். போனை அவர் கையில் கொடுத்து டாக்டரிடமே பேச வைத்தேன். பேசி முடித்ததும் அவரே ஓடிப்போய்ப் படகைக் கூப்பிட்டார். பிள்ளைகளே, அவசரத்தில் நாம் சொல்லித்தான் நடக்க வேண்டும் என்றில்லை. யார் சொன்னால் நடக்குமோ அவரைப் பேச விடுங்கள்.

இதற்குள் சரசு வந்துவிட்டாள். தீபன் அவளிடம் ஒன்றை ஒப்புக்கொண்டான். காலையில் பசி தாங்காமல் பொதுச் சமையலில் கோழிச் சம்பல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டானாம். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வேளை கண் அசந்தேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அழவில்லை, குரல்கூட உயரவில்லை. பின்னால் நின்ற பாக்கியம் அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எனக்கு வந்த கோபத்தில், அக்கா, பேசாம போய் உக்காருங்க என்றேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் போய் உட்கார்ந்தார்.

படகில் நோயாளியோடு ஒருவர்தான் ஏறலாம். தாயை ஏற்றுவதா, தாதியை ஏற்றுவதா? வழியில் ஏதாவது ஆனால் தாய் என்ன செய்வாள்? நான் ஏறினேன். சரசு முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பொம்பா ஆள் கையை எடுக்கச் சொன்னார். அவள் மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போங்க மிஸ்ஸி. நான் ஆக்கிப் போட்டதாலயா?”

நமக்கு ஒரு விதி இருக்கிறது. இரத்தம் பார்க்காமல், டாக்டர் சொல்லாமல், நாம் வாய் திறக்கக்கூடாது. நல்ல விதி அது, நானே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன். “பார்க்கலாம்மா, ரிசல்ட் வரட்டும்” என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பையன் படகிலேயே போய்விட்டால் ரிசல்ட் வரும்வரைகூட இவள் இருக்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

“இல்ல சரசு. ஒன் சமையல் இல்ல. அவங்க அப்பா வழியில பொறக்கும்போதே வந்தது. ஒன் கையில ஒரு குத்தமும் இல்ல.”

படகு இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொன்னேன். படியில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். சரசு கையை எடுத்தாள்.

பயம் படகு நகர்ந்த பிறகுதான் வந்தது. இரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று வந்துவிட்டால்? இது வெறும் காற்றுதான் என்றால், ஒரு தாய்க்குப் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன். தீபன் கையைப் பிடித்துக்கொண்டு நாடியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டேன், இந்தப் பையனுக்கு நெஞ்சில் கோளாறு இருக்கவும் வேண்டும், அவன் பிழைக்கவும் வேண்டும் என்று. இப்படி ஒரு வேண்டுதலை யாராவது வேண்டியிருப்பார்களா தெரியாது.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்த உடனேயே அங்கிருந்த டாக்டர்கள் முகம் மாறியது. ஜொகூர் பாருவுக்கு அனுப்பினார்கள், அங்கே அடைத்திருந்த இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்கிறோமே, அந்த எண் எந்தக் கஞ்சியாலும் இறக்க முடியாத உயரத்தில் இருந்தது.

தண்ணீர் வடிந்து, பையன் ஊர் திரும்பிய பிறகு, எங்கள் டாக்டர் சரசுவை உட்காரவைத்து விளக்கினார். அவர் மலாயில் சொல்ல நான் தமிழில் சொன்னேன். இரத்தத்தில் சுற்றுகிற கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. மிச்சமாவதை ஈரல் வாரி எடுத்துவிட வேண்டும். இந்தக் குடும்பத்தில் சிலருக்கு அந்த வாரும் வேலை பிறவியிலேயே சரியாக நடப்பதில்லை. நம் தாமானில் குப்பை லாரி ஒழுங்காக வரவில்லை என்று வைத்துக்கொள், நீ எவ்வளவு குறைவாகக் குப்பை போட்டாலும் தெரு நிறையத்தானே செய்யும் என்றேன். அது அவளுக்குப் புரிந்தது. அவள் தாமானில் லாரி வருவதில்லை.

“அப்ப அவருக்கும் இதுதானா?”

செத்துப்போனவருக்கு இரத்தம் பார்க்க முடியாது, ஆனால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். சரசு அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னோம். அவள் தன் கைகளை மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு கேட்டாள், அப்படியென்றால் நான் இத்தனை வருஷமாக என் பிள்ளை வாயைக் கட்டினதெல்லாம் எதற்கு என்று. நான் அதை மலாயில் சொன்னேன். டாக்டர்தான் அழகாகப் பதில் சொன்னார். சாப்பாடு மட்டும் இதைத் தடுக்காது, ஆனால் நீங்கள் கவனமாக வளர்த்ததால்தான் அவனுக்கு இந்த வலி இவ்வளவு தாமதமாக வந்ததோ என்னவோ, இனிமேல் மாத்திரையும் வேண்டும், உங்கள் கவனமும் வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்த தீபன், இனிமேல் தோசைக்கு ஒரு சொட்டு எண்ணெயாவது விடுவாயா அம்மா என்று கேட்டான். அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, அப்போதுதான் அழுதாள்.

தீபன் மாத்திரை போட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். எண் நன்றாக இறங்கியதும் நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்டான். அறையில் கூட இருக்கிற பையன்கள் கிழவன் மாத்திரை என்று கேலி செய்கிறார்களாம். எண் இறங்கியது மாத்திரையால், நீ குணமானதால் இல்லை, நிறுத்தினால் மறுபடி ஏறும் என்றேன். அவர்கள் கேலி செய்தால் உன் நெஞ்சில் இருக்கும் ஸ்டென்ட்டைக் காட்டு என்றேன். அதை எப்படி மிஸ்ஸி காட்டுறது என்றான். அப்படிக் கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டான்.

மிச்சம் இருந்தவர் பாக்கியம் அக்கா. அவர் கண்ணில் இருந்த மஞ்சளை என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்த்தே ஆகவேண்டும். சொல்லி அனுப்பினேன், வரவில்லை. வீட்டுக்கே போனேன், கிரில் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே, எங்கள் இரத்தத்தில் கெட்டது ஒன்றும் கிடையாது என்றார். எனக்கு விளங்கியது. பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால், வந்தது தன் அப்பா வழி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் அன்றைக்குச் சொன்ன வார்த்தை என்ன ஆவது? அந்த வார்த்தையைக் காப்பாற்ற உயிரையே விட்டுவிடுவார் போலிருந்தது.

நான் இதைச் சரசுவிடம் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது, அது நம் வேலையின் ஒழுக்கம். அதனால் சொல்லவில்லை. ஆனால் சரசுவே கேட்டாள். எங்க அண்ணி கண்ணுல மஞ்சளா இருக்கே, அதுவும் இதுதானா மிஸ்ஸி என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தேன். புரிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். நானும் கூடவே போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. இரண்டு வரிசை நடந்து அந்தக் கிரில் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். நான் சண்டையை எதிர்பார்த்தேன். இவ்வளவு காலம் சுமந்ததை இன்றைக்கு இறக்கி வைத்துவிடுவாள், வைக்கட்டும் என்றுகூட நினைத்தேன். பாக்கியம் அக்கா உள்ளே நின்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“அண்ணி, ஒங்க தம்பியக் காப்பாத்த எனக்குத் தெரியாமப் போச்சு. இப்பத் தெரியும். தெரிஞ்சும் ஒங்கள விட்டேன்னா நாளைக்கு அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? வந்து ரத்தம் குடுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி நடந்துவிட்டாள். கிரில் கதவு திறக்கவில்லை. நானும் திரும்பினேன். ஆனால் நாங்கள் முனை திரும்புவதற்குள் பின்னால் குரல் கேட்டது, என்றைக்கு வரவேண்டும் என்று. நான் நாளைச் சொன்னேன். பசியாறாமல் வெறும் வயிற்றோடு வாங்க என்றும் சொன்னேன். இப்போதெல்லாம் அந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு பெரும்பாலும் தேவையில்லை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் வரச் சொன்னேன். சரசுவிடம், நீயும் கூட வந்துவிடு, கையில் சாப்பிட ஏதாவது எடுத்துக்கொண்டு வா என்று தனியாகச் சொல்லி வைத்தேன்.

வந்தார்கள். பாக்கியம் அக்கா ஒரு பெஞ்சியின் இந்தக் கோடியில், சரசு அந்தக் கோடியில். அன்று கூட்டம் அதிகம். முறை வந்ததும் அக்கா இரத்தம் கொடுத்தார். முடிந்து வெளியே வந்து உட்கார்ந்தவருக்குத் தலை சுற்றியது, கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். நான் தண்ணீர் எடுக்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். சரசு ஏற்கெனவே எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். தூக்குச் சட்டியைத் திறந்தாள். ரவை உப்புமா. தாளித்திருந்தாள், கடுகு வாசம் வாசல்வரை வந்தது. மூடியில் கொஞ்சம் வைத்து நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

பாக்கியம் அக்கா கண்ணைத் திறந்து அந்த மூடியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். அவர் வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார். மெதுவாகச் சாப்பிட்டார், ஒரு பருக்கை விடாமல். தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார், சரசு தன் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள், குடித்தார். மன்னிப்பு என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. காலி மூடியைத் திருப்பி நீட்டும்போதுதான் வாய் திறந்தார்.

“உப்பு கொஞ்சம் பத்தல சரசு.”

அவருக்குப் பிரஷரும் கூடுதல். உப்பைக் குறைக்கச் சொல்லி அன்றைக்குக் காலையில்தான் பாடம் நடத்தியிருந்தேன். ஒரு தாதியாக நான் உள்ளே புகுந்து இரண்டு பேரையும் திட்டியிருக்க வேண்டும். வாசலில் நின்றபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“நாளைக்குச் சரியாப் போட்டுக் கொண்டாறேன் அண்ணி” என்றாள் சரசு.